கூடத்தில் நின்ற ஏரி

1984ஆம் வருஷம் ஆடி மாதம், செம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்த சமயத்தில், அரிகிருஷ்ணன் வீட்டுக் கூடத்தில் கணுக்கால் அளவுக்கு ஏரி வந்து நின்றது. மழை பெய்யவில்லை, குழாய் எதுவும் உடையவில்லை. காப்பி போட எழுந்து வந்த அவர் மனைவி கிளியம்மாள், கூடத்தில் கால் வைத்ததும் சில்லென்றிருக்க, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விளக்கைப் போட்டுப் பார்த்தாள். மொசைக் தரையின் பூக்கள் அடியில் தெளிவாகத் தெரிந்தன. அவற்றின் மேல் கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. தெருவாசலில், நிலைப்படிக்கு இந்தப் பக்கம், தண்ணீர் கத்தியால் வெட்டிய மாதிரி நின்றிருந்தது. அந்தப் பக்கம் கோலம் போடுகிற இடம் புழுதியாகக் காய்ந்து கிடந்தது. அவள் அதிகம் யோசிக்கவில்லை. “இந்தா பாருங்க, ஏரி வந்து கீது” என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

அரிகிருஷ்ணனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஏரிக்குக் கீழே அவர் குடும்பத்துக்கு இருந்த நஞ்சை முழுவதும் அந்தத் தண்ணீரில்தான் தலைமுறை தலைமுறையாக விளைந்தது. தாம்பரத்தில் வேலை பார்க்கிறவர்களும், மின்சார ரயில் ஏறிப் பட்டணத்துக்குப் போகிறவர்களும் மனை தேடி வரத் தொடங்கியபோது, அவர் வரப்புகளை வெட்டிச் சமப்படுத்திக் கல் நட்டு விற்றார். நடுத் தெருவுக்குத் தன் பெயரையே வைத்து, மதகு வாய்க்கால் ஓடிய இடத்தில் தனக்கு வீடு கட்டிக்கொண்டார். மேல் மாடி பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று தூண் கம்பிகளை வானத்தைப் பார்க்க விட்டிருந்தார். கங்கையம்மன் திருவிழாவில் முதல் மரியாதை அவருக்குத்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சாந்து. எல்லாம் தன் சாமர்த்தியத்தால் வந்தது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. ஆகையால் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. கோபம் மட்டும் தாராளமாக வரும். பிள்ளைகள் கிடையாது. அதைப் பற்றிப் பேசுவதை அவரும் கிளியம்மாளும் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள்.

தன் வீட்டுக்குள் தன்னைக் கேட்காமல் ஒன்று வந்து நிற்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. பயிர் வைத்த காலத்து டீசல் பம்பைத் துடைத்து எண்ணெய் விட்டுக் கூடத்தில் இறக்கினார். அது பகலெல்லாம் ஓடித் தெருச் சாக்கடையை நிரப்பியது. அக்கம்பக்கத்துக் கிணறுகள் ஊறின. கூடத்தில் தண்ணீர் அதே கணுக்காலில் நின்றது. அந்தத் தெருவில் பாதி வீடுகளைக் கட்டிய கொத்தனார் சவுரிமுத்துவைக் கூப்பிட்டு மொசைக்கைப் பெயர்த்து, தாரும் சிமென்டும் போட்டு அடைக்கச் சொன்னார். சவுரிமுத்து அடைத்தான். மறுநாள் காலையில் சிமென்டுக்கு மேல் தண்ணீர் நின்றது, மீனும் வந்திருந்தது. அரசாங்க என்ஜினீயர் ஒருவர் வந்து, பேன்ட்டை மடித்துக்கொண்டு நடந்து பார்த்து, இந்த வீடு ஏரி எல்லைக்குள் வருகிறதா வெளியே வருகிறதா என்று வரைபடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று சொல்லிப் போனவர் பிறகு வரவில்லை. படப்பையிலிருந்து ஒரு மந்திரவாதி எலுமிச்சம்பழங்களோடு வந்தார். பழங்கள் கூடத்தில் மிதந்து போய் மூலையில் ஒதுங்கின.

ஒவ்வொன்றும் பலிக்காமல் போனபோது அரிகிருஷ்ணன் கத்தினார். கொத்தனாரை, என்ஜினீயரை, ஏரியை, பெற்றவர்களை எல்லாரையும் திட்டினார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. ஒரு தடவை தொடைக்கு வந்தது. களைத்துப் படுத்து எழுந்தால் கணுக்காலுக்கு இறங்கியிருக்கும். கிளியம்மாள்தான் அதைக் கண்டுபிடித்தாள்.

“நீங்க கத்தறப்ப ஏறுது. தூங்கறப்ப எறங்குது. நானும் பார்த்துகினுதான் கீறேன்” என்றாள்.

“ஒளறாத” என்று அவர் போட்ட சத்தத்தில் முக்காலி மிதந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் அப்படியே வாழ்ந்தார்கள். சாமான்களெல்லாம் பரண் ஏறின. பிளக் பாயின்ட்டுகளைத் தலை உயரத்துக்கு மாற்றினார்கள். மீட்டர் பார்க்க வருகிறவன் செருப்பை வாசலில் விட்டுக் காலை நனைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் நிலைப்படியில் நின்றே கும்பிட்டார்கள். ஒரு பொங்கலுக்குக் கிளியம்மாளின் தம்பி சம்பந்தம் பீர்க்கன்கரணையிலிருந்து குடும்பத்தோடு வந்து, எல்லாரும் பெஞ்சில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். மீன்கள் குழந்தைகளின் விரல்களைக் கடித்து விளையாடின. இரண்டு வருஷத்தில் தெருக்காரர்கள் அதைப் பற்றிப் பேசுவதை விட்டு, தாம்பரத்தில் பஸ் நிற்கும் இடத்தை மாற்றியதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கிளியம்மாள் மட்டும் தினம் காலையில் கூடத்துத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஏன் என்று ஒரு நாள் அவர் கேட்டதற்கு, “இம்மாங்காலம் சோறு போட்ட தண்ணி. போக எடமில்லாம வந்து கீது. ஒக்காந்துட்டுப் போவட்டுமே” என்றாள். தண்ணீர் இரண்டு விரல்கடை ஏறியது.

1989இல் அவளுக்கு இடுப்பில் வலி வந்தது. முதலில் தைலம் தேய்த்தார்கள். பிறகு தாம்பரத்தில் ஒரு டாக்டர், பிறகு பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த வயதான டாக்டர், நோய் வேறெங்கோ தொடங்கி முதுகெலும்புக்கு வந்துவிட்டது என்றும், வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அரிகிருஷ்ணன் தனக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் சிலரைப் பிடித்து அந்த டாக்டரிடம் மறுபடி பேசச் சொன்னார். மரியாதையாகக் கேட்டுக்கொண்ட டாக்டர் அதையே திருப்பிச் சொன்னார். தன் பேச்சு எடுபடாத இடம் என்று ஒன்று இருப்பதை அவர் அன்றுதான் பார்த்தார்.

கட்டிலைக் கூடத்து ஜன்னலோரமாகப் போட்டார்கள். தெருவைப் பார்க்க வேண்டும் என்று கிளியம்மாள் கேட்டாள். கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். அதற்கு மேல் உயர்த்தினால் சோறு ஊட்டவும் துணி மாற்றவும் கை எட்டாது. வேறு எங்காவது கொண்டுபோகலாம் என்று சம்பந்தம் சொன்னான். நாலு பேர் சேர்ந்து தூக்கப் பார்த்தபோது அவள் போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அது மட்டுமில்லை, “என் வூட்லதான் இருப்பேன்” என்று அவளும் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் அந்தத் தண்ணீர் இன்னதென்று அரிகிருஷ்ணனுக்கு விளங்கியது. அவள் முனகினால் அவர் நெஞ்சு பதறும். பதறினால் தண்ணீர் ஏறும். ஏறுவதைப் பார்த்து மேலும் பயப்படுவார். பயத்துக்கு மேலும் ஏறும். செங்கல்லைத் தாண்டி, கட்டில் காலைத் தாண்டி, பலகைக்கு ஒரு சாண் கீழே வந்து நிற்கும். தன் பயம்தான் அவளை மூழ்கடிக்க வருகிறது என்று தெரிந்தும் அதை நிறுத்த அவருக்கு வழி தெரியவில்லை. மற்ற வீடுகளில் நோயாளியிடம் சிரித்து மழுப்பிவிடலாம். அவரால் அதுவும் முடியாது. அவர் முகம் எதைக் காட்டினாலும் தண்ணீர் உள்ளதைச் சொல்லிவிடும். “ரொம்ப பயந்துகீறீங்க போல” என்பாள் கிளியம்மாள், கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டு ஆழம் பார்த்துக்கொண்டு.

அவர் வீட்டில் இல்லாவிட்டால் இறங்குமோ என்று சம்பந்தத்துக்குத் தோன்றியது. அவளைத் தம்பியின் பொறுப்பில் விட்டு, ஒரு நாள் காலையில் அரிகிருஷ்ணன் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய் பிளாட்பாரம் பெஞ்சில் உட்கார்ந்தார். பீச்சுக்குப் போகிற வண்டிகள் ஒவ்வொன்றாகப் போயின, வந்தன. அவர் காலடி காய்ந்தே இருந்தது. இப்போது கஞ்சி கொடுத்திருப்பார்களா, இப்போது வலி எடுத்திருக்குமா என்று நினைத்துக்கொண்டே மத்தியானம் வரை இருந்தார். சம்பந்தம் சைக்கிளில் வேர்த்து விறுவிறுக்க வந்து நின்றான். “மாமா, வந்துடுங்க. பலகைய தொட்டுடுச்சு” என்றான். அதற்குப் பிறகு அவர் எங்கும் போகவில்லை.

கிளியம்மாள்தான் தனத்தைப் பற்றிச் சொன்னாள். தனம் தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். புருஷன் இல்லை. அவளுடைய அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் இருந்த நாளிலேயே பௌத்தத்துக்கு மாறியவர். மனை விற்பனை மும்முரமாக நடந்த காலத்தில் அவள் அரிகிருஷ்ணனிடம் வந்து ஒரு மனை கேட்டாள். அவள் எந்தச் சேரியிலிருந்து வருகிறாள் என்று விசாரித்துவிட்டு, மனை காலியில்லை என்று சொல்லியனுப்பினார். அன்று பாதிக்கு மேல் காலியாகத்தான் இருந்தது. அவள் வேறு தரகரைப் பிடித்து, வாய்க்காலின் கடைசியில், ஐப்பசி பிறந்தால் தண்ணீர் கட்டும் பள்ளத்தில் இடம் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டாள்.

“ஞாயித்துக்கெழம அந்தத் தனம் வூட்ல ஏழெட்டு பேரு ஒக்கார்றாங்களாம். ஒண்ணும் பேசாம சொம்மா ஒக்கார்றாங்களாம். மனசு அடங்குமாம். நீங்களும் போய்ப் பாருங்களேன்.”

“அவ வூட்டுக்கா?” என்றார் அரிகிருஷ்ணன்.

தண்ணீர் நாலு விரல்கடை ஏறியது. கிளியம்மாள் தண்ணீரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

தனம் வாசலில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. தண்ணீர் விஷயம் ஊருக்கே தெரியும், அதனால் அவர் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“மனச அடக்கறதுக்கு இன்னா பண்ணணும்?”

“அடக்க முடியாது சார். எனக்குத் தெரிஞ்சு யாராலயும் முடியல. மூச்சு வந்துகினு போய்கினு கீது இல்ல, அத பார்த்துகினு இருக்கலாம். அவ்ளோதான்.”

“அவ்ளோதானா? தண்ணி எறங்குமா?”

“தெரியாது சார்.”

அவர் நின்றுகொண்டேயிருந்தார். அவளும் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில், “ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணிக்கு வாங்க. செருப்ப வெளிய வுட்டுட்டு வரணும்” என்றாள்.

தனம் வீட்டு முன்னறையில் காது நுனி உடைந்த ஒரு பிளாஸ்டர் புத்தர் இருந்தார். வந்தவர்களில் ஒருவர் மின்வாரிய லைன்மேன். இரண்டு பெண்கள் பெருங்களத்தூரில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஞானையா என்கிற ஓய்வுபெற்ற வாத்தியார் காது கேட்காமல் எல்லாருக்கும் பின்னால் உட்காருவார். எல்லாரும் முதலில் தரையில் நெற்றி படும்படி விழுந்து வணங்கினார்கள். உயிரைக் கொல்வதில்லை, கொடுக்காததை எடுப்பதில்லை என்று ஐந்து வாக்கியங்களைச் சேர்ந்து சொன்னார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்கள். அரிகிருஷ்ணன் முட்டி வலியைச் சொல்லி வாசலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். விழுந்து வணங்கவில்லை. கண்ணை மூடியதும் தலைக்குள் நெல் மிஷின் ஓடத் தொடங்கியது. மூச்சைப் பார்க்கப் பார்க்க அது முட்டிக்கொண்டு நின்றது. வீட்டுக்கு வந்தபோது, “அங்க போய் இன்னா பண்ணீங்க, ரெண்டு வெரக்கட ஏறிச்சு” என்றாள் கிளியம்மாள்.

அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் அப்படியே. எல்லாரும் போன பிறகு அவர் தனத்திடம் குறைப்பட்டுக்கொண்டார்.

“இவர வேண்டிகினா எதுனா பண்ணுவாரா?”

“இவரு சாமி இல்ல சார். வேண்டிகினா ஒண்ணும் குடுக்க மாட்டாரு.”

“அப்ப இன்னாத்துக்குக் கீழ வுழுந்து கும்புடறீங்க?”

“சொல்லிக் குடுத்தாரே, அதுக்கு.” தனம் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டி முடித்துச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். “எனக்கும் ஒண்ணும் அடங்கிடல சார். மனை கேட்டு வந்த அன்னிக்கு உங்க வூட்டு வாசல்ல வெயில்ல நின்னுகினு இருந்தேன். நீங்க உள்ள வெத்தல போட்டுகினு இருந்தீங்க. இன்னமும் உங்களப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது. ஞாயித்துக்கெழம நீங்க பின்னால ஒக்காந்துகினு இருக்கறப்ப, அதத்தான் பார்த்துகினு ஒக்கார்றேன்.”

இப்படி ஒருத்தி முகத்துக்கு நேரே சொல்லி, அதைக் கேட்டுக்கொண்டு அவர் இருந்ததில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் தண்ணீரைப் பற்றியே நினைக்கவில்லை என்பது வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் உறைத்தது.

அந்த வாரம் கிளியம்மாளுக்கு வலி முற்றி, தண்ணீர் பலகையைத் தொட்டு அவள் முதுகுத் துணி நனைந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரிகிருஷ்ணன் தனம் வீட்டுக்குள் போய், யாரும் சொல்லாமல், முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, குப்புற விழுந்தார். யாரை வணங்குகிறோம் என்று தெரியவில்லை. புத்தரையா, தனத்தையா, சிமென்டுத் தரையையா. நெற்றி குளிர்ந்தது. எழுந்திருக்க முடியாமல் லைன்மேன் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. நாற்காலியை அவரே ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். உள்ளே நெல் மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடட்டும் என்று விட்டார். விடுவதைத் தவிர அவரால் ஆகக்கூடியது எதுவும் இல்லை.

தண்ணீர் இறங்கத் தொடங்கியது அங்கே இல்லை. கிளியம்மாளுக்கு மலஜலம் எல்லாம் படுக்கையிலேயே ஆன பிறகு, உதவிக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அரிகிருஷ்ணன்தான் துணி மாற்றினார், துடைத்தார், கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து துவைத்தார். முதல் நாட்களில் மூக்கைச் சுளித்துக்கொண்டு செய்தார். நாளாக ஆக, அந்தக் காரியத்தில் இருக்கும்போது வேறு நினைப்பு ஓடவில்லை. ஒரு நாள் வெந்நீரில் துண்டை நனைத்து அவள் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பாதத்தை அவர் சரியாகப் பார்த்ததில்லை. நாற்று நட்ட காலத்தில் சேற்றுப்புண் வந்த வடு விரலிடுக்கில் இன்னும் இருந்தது. அவர் சாப்பிட்ட சோற்றில் எவ்வளவு இந்தக் கால் நட்டது என்று ஒரு நினைப்பு வந்து, அவர் துண்டை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார்.

“செங்கல்லு தெரியுது” என்றாள் கிளியம்மாள்.

குனிந்து பார்த்தார். கட்டில் கால்களுக்குக் கீழே மேல் வரிசைச் செங்கல் ஈரத்தோடு வெளியே வந்திருந்தது.

அவர் மறுநாளே டீக்கடையில் போய் உட்கார்ந்து, தான் தண்ணீரை இறக்கிய விதத்தைச் சொன்னார். என்ஜினீயரால் ஆகாதது, மந்திரவாதியால் ஆகாதது, மனம் ஒருமைப்பட்டால் ஆகும் என்று விளக்கினார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குத் திரும்பியபோது தண்ணீர் பலகைக்கு மேல் வழிந்து, கிளியம்மாளின் தலையணை மிதந்துகொண்டிருந்தது. அவள் கழுத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, “எங்க போய்ட்டு வந்தீங்க” என்று மட்டும் கேட்டாள். அவர் அவள் தலையைத் தன் கையில் ஏந்திக்கொண்டு, சாயங்காலம் தண்ணீர் இறங்கும் வரை அசையாமல் நின்றார். கை மரத்துப்போய், அன்று இரவு சோற்றைப் பிசைய முடியவில்லை.

ஏதாவது செய்தாக வேண்டும் என்கிற பதைப்பு மட்டும் போகவில்லை. மேலே ஒரு அறை கட்டிவிட்டால், உடம்பு கொஞ்சம் தேறும்போது அவளை மெதுவாக மேலே கொண்டுபோய்விடலாம் என்று நினைத்து, சவுரிமுத்துவை அழைத்தார். வெளிப்பக்கம் படிக்கட்டு, மேலே ஒரு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஜன்னல். சவுரிமுத்து கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தான். அவள் தேறமாட்டாள் என்று அவனுக்கும் தெரிந்தது. “சீக்கிரம் முடிச்சிடலாம் சார்” என்றான். சித்தாள்கள் ஜல்லியும் மணலும் சுமந்து ஏறினார்கள். கிளியம்மாள் சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு நாள் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“மாடி ஜன்னலு பெரிசா வெக்கச் சொல்லுங்க.”

“சொல்றேன்.”

“நான் வரமாட்டேன். யாருனா வருவாங்க. அவங்களுக்குக் காத்து வரணுமில்ல.”

தண்ணீர் ஏறியது. அவர் அதை நிறுத்தப் பார்க்கவில்லை. நிறுத்தப் பார்த்தால் மேலும் ஏறும் என்று இதற்குள் தெரிந்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, அழுதார். அவள் அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். “உங்களுக்கு நல்லா சமைச்சிப் போட்டேனா?” என்று கேட்டாள். முப்பது வருஷமாக அவர் ஒரு தடவைகூடச் சொல்லாததை அன்று சொன்னார். அதிகம் பேசத் தெரியவில்லை. நல்லா இருந்துச்சு, எல்லாமே நல்லா இருந்துச்சு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தண்ணீர் எப்போது இறங்கியது என்று இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

1990 மார்கழியில் ஒரு காலை, மாடிக்குக் கான்கிரீட் போட்ட மறுநாள், அவள் மூச்சு மாறியது. சம்பந்தத்துக்கு ஆள் போனது. அரிகிருஷ்ணன் கட்டிலில் அவளோடு உட்கார்ந்தார். அவர் கற்றுக்கொண்டது மூச்சைப் பார்ப்பது ஒன்றுதான். அதைத்தான் செய்தார். அவள் மூச்சு உள்ளே போயிற்று, நின்றது, வெளியே வந்தது. நீண்ட நேரம் கழித்து மறுபடி உள்ளே போயிற்று. கூப்பிடவும் தோன்றவில்லை, வேண்டிக்கொள்ளவும் தோன்றவில்லை. கூடத்துத் தண்ணீர் கண்ணாடி போல நின்றது. ஜன்னலும், ஜன்னலுக்கு வெளியே மணல் குவியலும், அவர் முகமும் அதில் ஆடாமல் தெரிந்தன. வெளியே வந்த ஒரு மூச்சு திரும்ப உள்ளே போகவில்லை. அவர் அடுத்ததுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தார். சம்பந்தம் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினார்.

அதற்குப் பிறகு தண்ணீர் ஏறியது. அந்த வீட்டில் அதுவரை ஏறாத உயரத்துக்கு, மார்பு வரை வந்தது. உறவுப் பெண்கள் ஒப்பாரியைத் தெருவிலேயே வைத்துக்கொண்டார்கள். குளிப்பாட்டத் தனியாகத் தண்ணீர் எடுத்து வரத் தேவையிருக்கவில்லை. பாடையைத் தோளில் வைத்தால் நனையும் என்பதால் நாலு பேரும் கையைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அரிகிருஷ்ணன் கொள்ளிச்சட்டியை உயரப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். மீன்கள் அவர்களோடு நிலைப்படி வரை வந்து, அங்கே நின்றுவிட்டன. தெருவில் தனம் நின்றிருந்தாள். எக்ஸ்சேஞ்சுக்கு லீவு போட்டிருந்தாள். பெண்கள் யாரும் அவளுக்கு இடம்விடவில்லை. அவள் எதிர்வீட்டு மதிலோரம் நின்று கைகூப்பினாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் தனம் வீட்டுக்குப் போய், “உங்க புத்தரு இன்னா பண்ணாரு?” என்று கேட்டார்.

“ஒண்ணும் பண்ணல சார்” என்றாள் தனம்.

“அவ்வளவு ஒக்காந்தேனே.”

“ஆமா சார். ஒக்காந்தீங்க.”

சண்டை போடத்தான் போயிருந்தார். அவள் எதையும் மறுத்துப் பேசாததால் போட முடியவில்லை. தனம் உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அந்த வீட்டில் அதுவரை அவர் எதையும் வாங்கிக் குடித்ததில்லை. அவளும் கொடுத்ததில்லை. வாங்கிக் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். “அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போவல சார்” என்றாள் தனம். “கொஞ்சம் கொறஞ்சிருக்கு.” அவர் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர்ந்து போனார்.

சவுரிமுத்து உரிய நாளில் கான்கிரீட்டைத் தாங்கிய சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்து மாடியை முடித்துக் கொடுத்தான். ஜன்னல் பெரிதாகவே வைத்திருந்தான். அரிகிருஷ்ணன் ஒரே ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டுப் பூட்டினார். அவர் கீழேதான் இருந்தார். தண்ணீர் சில நாள் கணுக்காலிலும், அவள் நினைவு வருகிற நாட்களில் முழங்காலுக்கு மேலும் நின்றது. சில நாள் சாயங்காலம் காரணமில்லாமல் இடுப்புக்கு வரும். அவர் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அதைக் குறைக்க ஒரு வழியும் அவருக்குக் கிடைக்கவில்லை, தேடுவதையும் விட்டுவிட்டார். தெருவுக்கு வைத்த அவர் பெயர்ப் பலகையை ஒரு லாரி இடித்துச் சாய்த்தது. அவர் அதை நிமிர்த்தி வைக்கச் சொல்லவில்லை.

1993 கோடையில் பட்டணம் முழுவதும் தண்ணீருக்குத் தவித்தது. செம்பாக்கத்தில் கிணறுகள் மண்ணைக் கக்கின. போர் போட்டவர்களுக்குப் புகைதான் வந்தது. லாரித் தண்ணீருக்குக் குடத்தால் அடித்துக்கொண்டார்கள். ஒரு பெண் அவர் வாசலில் வந்து குடத்தோடு நின்று, “கொஞ்சம் எடுத்துக்கவா?” என்று கேட்டாள். அவர் விலகி வழிவிட்டார். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. நேராக உள்ளே வந்து மொண்டுகொண்டு போனார்கள். நெரிசல் அதிகமான நாட்களில் தண்ணீர் கலங்கியது, அவருக்கு எரிச்சலும் வந்தது. எரிச்சல் வந்த நாட்களில் குடங்கள் சீக்கிரம் நிரம்பின. தனமும் இரண்டு குடத்தோடு வந்து வரிசையில் நின்று எடுத்துக்கொண்டு போனாள்.

மறு வருஷம் தை பிறந்ததும், தையல் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்த ஒரு பையன் புது மனைவியை அழைத்துக்கொண்டு மாடியை வாடகைக்குக் கேட்டு வந்தான். அரிகிருஷ்ணன் சாவியைக் கொடுத்து மேலே அனுப்பினார். பார்த்துவிட்டு இறங்கி வந்தார்கள். ஜன்னல் அந்தப் பெண்ணுக்குப் பிடித்திருந்தது.

“கீழ தண்ணி நிக்கும்மா” என்றார் அவர். “முழங்கால் வரைக்கும். சில நாள் ஏறும். ஏறுனா நீங்க ஒண்ணும் பண்ண வாணாம். அதுவா எறங்கிடும்.”

பையன் அவளைப் பார்த்தான். அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினாள். குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தாள்.

“உப்பு இல்லீங்க” என்றாள் புருஷனிடம். “நல்ல தண்ணியா கீது.”

வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சிக் குடிவந்தார்கள்.